ராகுகாலத்தில் அனுப்பாத செய்தி

என் அண்ணைக்கு இரண்டு பிடிவாதங்கள். சந்தைக்கு எந்தப் புதுப் போன் வந்தாலும் எங்கள் குடும்பத்தில் அவர்தான் முதலில் வாங்க வேண்டும். அடுத்தது, காலையில் ராகுகாலம் எப்போது என்று பார்க்காமல் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டார். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். வீடு வீடாகப் போய் பொய்லரும் தண்ணீர்க் குழாயும் திருத்துவதுதான் தொழில். காஸ் கசிகிற வீட்டுக்குள் தயங்காமல் போகிற மனிதருக்கு ராகுவிடம் மட்டும் அப்படி ஒரு பயம். நான் கேலி செய்தால், "உனக்கு உதெல்லாம் விளங்காது, பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

2009இல் அவர் பிளேஸ்டோவில் ஒரு தமிழ்க் கடைக்கு மேலே இருந்த சிறிய வீட்டில் தனியாக இருந்தார். அண்ணியும் பிள்ளைகளும் ஜெர்மனியில். மகள் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அங்கேயே இருப்பதென்று முடிவெடுத்திருந்தார்கள். நான் கணவருடனும் மகனுடனும் கோலியர்ஸ் வுட்டில். ஒரே ஊர் என்று பெயர்தான். அவரைப் போய்ப் பார்க்க ஒரு சனிக்கிழமை முழுதாக வேண்டும். அதனால் அண்ணி எனக்குப் போன் எடுக்கும்போதெல்லாம் முதல் கேள்வி, "மச்சாள், இவரைப் போய்ப் பாத்தனீங்களோ?" என்பதாகவே இருந்தது. ஜெர்மனியில் இருந்து பார்த்தால் பிளேஸ்டோவும் கோலியர்ஸ் வுட்டும் பக்கத்துப் பக்கத்து வீடு போலத் தெரியும்போல.

அண்ணி சும்மா பயப்படவில்லை. அண்ணைக்குச் சீனி வருத்தம். இன்சுலின் போடுகிறவர். போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் உடம்பில் சீனி சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கி, வேர்த்து, ஆளே விழுந்துவிடுவார். அந்த வருடம் பனி முடிந்த கையோடு அப்படி ஒருமுறை விழுந்திருக்கிறார். கீழே கடைக்காரருக்குச் சத்தம் கேட்டு, அவர் மேலே ஓடிப்போய் சோடாவைக் குடிக்கக் கொடுத்து, அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். இது எதையும் அண்ணை எங்களிடம் சொல்லவில்லை. நான் அந்தக் கடையில் கத்தரிக்காய் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர்தான், "இப்ப அண்ணைக்கு எப்பிடி?" என்று கேட்டுப் போட்டுடைத்தார்.

அன்றிலிருந்து நான் தினமும் காலையில் அவருக்குப் போன் எடுக்கத் தொடங்கினேன். ஒரு வாரம் பொறுத்தார். பிறகு வெடித்தார்.

"ஒவ்வொரு நாளும் சுகமோ சுகமோ எண்டு கேக்கிறதுக்கு நான் என்ன சின்னப்பிள்ளையே? வேலைக்கு வெளிக்கிடுற நேரத்திலை உங்களோடை பெரிய கரைச்சல்."

"அப்ப நீங்களே ஒரு மெசேஜ் போடுங்கோவன்."

"எனக்கு உதுக்கெல்லாம் நேரமில்லை."

எங்கள் குடும்பத்தில் ஆண்களுக்கு உடம்பைப் பற்றிக் கேட்டால் கோபம் வரும். அப்பாவும் அப்படித்தான். சுகமில்லை என்று சொல்வதை ஏதோ திருட்டை ஒப்புக்கொள்வதுபோல நினைப்பார்கள். எனக்கு அந்தக் குணத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

நான் அப்போது ஓல்ட் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு சிறிய கம்பெனியில் புரோகிராமர். தொடுதிரைப் போன்களில் செய்தி அனுப்புவதற்கு ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். அந்தக் காலத்துப் போனில் ஒரு செயலிக்கு மற்றச் செயலி இருப்பதே தெரியாது. ஒவ்வொன்றும் கதவைச் சாத்திக்கொண்டு தன் அறையில் இருந்தது. நாங்கள் எங்கள் அறைக்கு ஒரு கதவு வைத்தோம். வேறு யாராவது செய்த செயலி, எங்களுடைய ஒரு விலாசத்தை ஒழுங்காக எழுதிக் கூப்பிட்டால், எங்கள் செயலி திறந்துகொள்ளும். யாருக்கு, என்ன செய்தி என்பதையும் அந்த விலாசத்திலேயே சேர்த்து எழுதிவிட்டால், அந்தச் செய்தியை அனுப்பியும் விடும். அந்தக் கதவைக் கட்டும் வேலை என்னுடையது.

ஒரு சனிக்கிழமை அண்ணை வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவர் தன் போனில் தமிழ்க் கலண்டர் செயலியைக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். பாரிஸில் இருக்கும் என் நண்பர் ஒருவர் பொழுதுபோக்காகச் செய்தது அது. அப்போது அந்தப் போனில் தமிழ் எழுத்து ஒழுங்காக வராது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். அதனால் நண்பர் ஒவ்வொரு நாள் தாளையும் படமாகவே போட்டிருந்தார். நேற்றைய தாளை விரலால் கிழித்தால் இன்றைய தாள் வரும். ராகுகாலம் சிவப்பில் இருக்கும், அதுவும் லண்டன் சூரிய உதயத்துக்குக் கணக்குப் பார்த்து. வெயில் காலத்தில் இங்கே பகல் நீளம் என்பதால் ராகுகாலமும் நீண்டுபோகும். லண்டனில் ராகுவும் ஓவர்டைம் செய்கிறான் என்று நான் சொன்னதற்கு அண்ணை சிரிக்கவில்லை.

சோறு மறந்தாலும் அந்தத் தாளைக் கிழிக்க அவர் மறக்கமாட்டார். அப்படியானால் அவர் தாளைக் கிழிக்கிற அந்த நேரத்தில், கலண்டர் எங்கள் கதவைத் தட்டி, எனக்கும் அண்ணிக்கும் ஒரு செய்தியை அனுப்பிவிடட்டுமே! பாரிஸ் நண்பரிடம் சொன்னேன். அவருடைய அம்மாவும் தனியாக இருந்தார், உடனே ஒத்துக்கொண்டார்.

முதல் நாளே அண்ணை போனில் சண்டைக்கு வந்தார். "உன்ரை அப் என்ன செய்யுது தெரியுமே? நான் ராகுகாலம் பாக்க முதலே கலண்டரை மூடிப்போட்டுத் தான் வந்து நிக்குது!" உண்மைதான். அந்தப் போனில் ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் திறந்திருக்கும். எங்கள் செயலி உள்ளே வந்தால் கலண்டர் வெளியே போகவேண்டியதுதான். ஆகவே செய்தியை அனுப்பி முடித்ததும் எங்கள் செயலி திரும்பக் கலண்டரைக் கூப்பிட்டு விடும்படி மாற்றினோம். கண் மூடித் திறக்கிற நேரம் திரை ஒருமுறை மின்னும், பிறகு கலண்டர் பழையபடி நிற்கும். அண்ணைக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது.

"நான் ஒண்டும் செய்யத் தேவையில்லையோ?"

"ஒண்டும் தேவையில்லை. நீங்கள் வழமைபோலை நாள் பாருங்கோ. அது தன்ரைபாட்டிலை போகும்."

"அப்ப ஓகே," என்றார்.

செய்தியை இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக நானே எழுதிக் கொடுத்தேன். "சுகமா இருக்கிறன். வேலைக்கு வெளிக்கிடுறன்." அவ்வளவுதான். நாட்டில் போர் முடிந்த அந்த வருடம் எங்கள் ஆட்கள் எந்தப் போன் அடித்தாலும் பாய்ந்து எடுப்பார்கள். ஊரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமல் பல வீடுகளில் போனைப் பார்த்தபடியே இருந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் தினமும் காலையில் "சுகமா இருக்கிறன்" என்று ஒரு வரி வந்து விழுவது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது. அண்ணியும் அதன்பிறகு எனக்குப் போன் எடுத்து அண்ணையைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, என் மகன் சாப்பிடுகிறானா என்று கேட்கத் தொடங்கினார்.

ஆனால் கதவு என்று ஒன்று இருந்தால் அதற்குள் கண்டவர்களும் வருவார்கள். யாரோ ஒருவர் விளையாட்டுச் செயலி ஒன்றைச் செய்து, அதை விளையாடுகிறவர்களின் பெயரில் அவர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும், "நான் இதை விளையாடுகிறேன், நீயும் வா" என்று எங்கள் கதவு வழியாக அனுப்பிவிட்டார். ஒரு பெண் எங்களுக்கு எழுதியிருந்தார். தகப்பனின் இறுதிச் சடங்கில் நிற்கும்போது அவருடைய பெயரில் அந்தச் செய்தி சொந்தக்காரர்களுக்குப் போயிருக்கிறது. போனை மகனிடம் கொடுத்து வைத்திருந்தாராம், அவன் விளையாடியிருக்கிறான். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு அடங்காத கோபம்.

எங்கள் மனேஜர் நல்ல மனிதர், ஆனால் எதிலும் வேகம் வேண்டும் என்பவர். ஒரு தொடுகையில் எல்லாம் முடியவேண்டும், நடுவில் கேள்வி கேட்டால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்றார். நான் விடவில்லை. எந்தச் செயலி வேண்டுமானாலும் வந்து செய்தியை எழுதி வைக்கட்டும். ஆனால் அனுப்புகிற விரல் அந்தப் போனுக்குச் சொந்தக்காரருடைய விரலாகத்தான் இருக்கவேண்டும் என்று மேசையில் தட்டிச் சொன்னேன். இரண்டு கூட்டம் நடந்தது. கடைசியில் என் பேச்சுத்தான் எடுபட்டது. இனிமேல் வேறு செயலி கூப்பிட்டால் எங்கள் செயலி திறந்து, செய்தியைக் காட்டி, "இதை அனுப்பவா?" என்று கேட்கும். கீழே "ஆம்", "இல்லை" என்று இரண்டு பொத்தான்கள். எதை அமத்தினாலும் பழைய இடத்துக்கே திரும்பிப் போகும்.

புதிய பதிப்பு ஒரு வார இறுதியில் வெளியானது. ஞாயிற்றுக்கிழமை அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவர் அதற்குள் புதுசைப் போட்டுவிட்டிருந்தார். புதுசு என்றால் அவரால் பொறுக்க முடியாதே.

"நாளைக்குக் கலண்டரைக் கிழிக்க, அனுப்பவோ எண்டு ஒரு கேள்வி கேக்கும், அண்ணை. ஓம் எண்டதை அமத்துங்கோ."

"ஓம் ஓம். எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை."

திங்கட்கிழமை நான் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது செய்தி வரவில்லை. அண்ணை சில நாள் தாமதமாக எழுவார், பரவாயில்லை என்று ரயில் ஏறினேன். நோர்தேர்ன் லைன் சுரங்கத்துக்குள் போனில் சிக்னல் இருக்காது. ஓல்ட் ஸ்ட்ரீட்டில் மேலே ஏறி வந்தபோது எல்லாச் செய்திகளும் ஒன்றாக வந்து விழுந்தன. அண்ணையுடையது அதில் இல்லை. அவருக்குப் போன் எடுத்தேன், மணி அடித்து அடித்து வொய்ஸ்மெயிலுக்குப் போனது. திரும்ப எடுத்தேன். அதேதான். கையில் போனோடு அலுவலக வாசலில் நிற்கும்போது அண்ணி அழைத்தார்.

"மச்சாள், உங்களுக்கு வந்ததோ?"

"இல்லை, அண்ணி."

"எனக்கும் வரேல்லை. போனும் எடுக்கிறார் இல்லை." அண்ணியின் குரல் உடைந்துவிட்டது. "இவர் நாள் பாக்காமல் இருக்கிற ஆளில்லை. ஏதோ நடந்துபோச்சு, மச்சாள்."

எனக்கும் அதுதான் தோன்றியது. அந்த ஏற்பாட்டில் ஒரு நாளும் தவறியதில்லை. கேள்விக்கு என்ன அமத்துவதென்று நேற்றுத்தான் சொல்லியிருந்தேன். தாளைக் கிழிக்கவில்லை என்றால் எழும்பவில்லை என்றுதான் அர்த்தம். மனேஜரிடம் வாசலிலேயே சொல்லிவிட்டுத் திரும்பவும் சுரங்கத்துக்குள் ஓடினேன். மூர்கேட்டில் இறங்கி மற்ற ரயில் மாறி பிளேஸ்டோவுக்குப் போகும்வரை நான் கும்பிடாத தெய்வம் இல்லை. ராகு, கேது உட்பட.

கடைக்காரரிடம் அண்ணை வீட்டுக் கதவின் மாற்றுத் திறப்பு இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கல்லாவை விட்டு எழுந்து என்னுடன் மேலே வந்தார். கதவைத் திறந்தார். அவர்தான் முதலில் உள்ளே போனார். கட்டில் வெறுமையாக இருந்தது. குளியலறையில் யாரும் இல்லை.

"காலமை வேன் வெளிக்கிட்ட சத்தம் கேட்டது, தங்கச்சி. அவர் வெளியிலை போட்டார். நீங்கள் பயப்பிடாதேங்கோ," என்றார்.

அந்த நிம்மதி குசினிக்குள் போகும்வரைதான் இருந்தது. மேசையில் இன்சுலின் ஊசியின் மூடி கிடந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் இரண்டு துண்டு பாண், பட்டர் பூசியபடி, தொடாமல் இருந்தது. ஊசியைப் போட்டுவிட்டார், சாப்பிடவில்லை. சாப்பிடாமல் வேனையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். விழுந்தால் வீட்டுக்குள் விழுவார் என்றுதான் இவ்வளவு நேரமும் பயந்தேன். இப்போது அவர் வேனை ஓட்டியபடி எங்கே மயங்கிப் போயிருப்பாரோ என்று நினைத்துக் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.

"இண்டைக்கு லூயிஷாமிலை ஒரு வேலை எண்டு நேற்றுச் சொன்னவர்," என்றார் கடைக்காரர். "சிவன் கோயிலுக்குப் போற பக்கம். அந்த ஆக்களை எனக்குத் தெரியும், இஞ்சை சாமான் வாங்க வாறவை. நம்பர்தான் என்னட்டை இல்லை." தெருவின் பெயரைச் சொல்லி, எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்றும் விளக்கினார்.

அங்கிருந்து போ ரோட் நிலையத்துக்குப் போய், பக்கத்து நிலையத்துக்கு நடந்து, லூயிஷாம் போகும் சின்ன ரயிலைப் பிடித்தேன். ஓட்டுநர் இல்லாத ரயில் அது. முன் இருக்கையில் ஒரு தாயும் குழந்தையும் உட்கார்ந்து, தாங்களே ஓட்டுவதுபோல விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தையின் சிரிப்பைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. அண்ணி விட்டு விட்டு அழைத்தார். பாண் கதையை நான் அவரிடம் சொல்லவில்லை. "வேன் இல்லை, அண்ணி. வேலைக்குப் போட்டார் போலை. நான் அங்கைதான் போய்க்கொண்டிருக்கிறன்," என்று மட்டும் சொன்னேன்.

அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் வேன் கண்ணில் பட்டது. ஒழுங்காக, கோட்டுக்குள், நேராக நிறுத்தியிருந்தது. மயக்கத்தில் நிறுத்தியவர் அப்படி நிறுத்தியிருக்க முடியாது. ஓடிப்போய் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். உள்ளே ஆள் இல்லை. பக்கத்து இருக்கையில் அவருடைய போன் சார்ஜில் கிடந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணியின் பெயரோடு மின்னியது.

வேன் நின்ற வீட்டின் கதவைத் தட்டினேன். திறந்த பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும். கையில் அகப்பையோடு வந்தார். "பைப் வேலைக்கு வந்த..." என்று தொடங்கினேன். அவர் படிக்கட்டுக்குக் கீழே இருந்த சின்னக் கதவைக் காட்டினார். நிலவறை. குனிந்து எட்டிப் பார்த்தேன். மங்கலான வெளிச்சத்தில் தரையில் இரண்டு கால்கள் நீட்டிக் கிடந்தன. அண்ணையின் சப்பாத்து. அசையவில்லை.

"அண்ணை!" என்று கத்தினேன். அந்த வீடே அதிர்ந்திருக்கும்.

'டங்' என்று ஒரு சத்தம். பிறகு ஜெர்மன் மொழியில் ஒரு கெட்ட வார்த்தை. குழாய்களுக்கு அடியிலிருந்து நெற்றியைத் தடவிக்கொண்டு அண்ணை வெளியே வந்தார். "நீ இஞ்சை என்னடி செய்யிறாய்?"

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். முன்பின் தெரியாத வீடு என்ற வெட்கமும் இல்லாமல் அழுதேன். அவ்வளவு நிம்மதி அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததாக நினைவில்லை. அந்தப் பெண்மணி தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அண்ணை திகைத்துப்போய், கையில் குறடோடு, என் தலையைத் தடவுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

"சாப்பிட்டனீங்களோ?" என்றேன். எனக்குத் தெரியவேண்டியிருந்தது அதுதான்.

"வந்தவுடனை புட்டும் சம்பலும் குடுத்தனான்," என்று பெண்மணி பதில் சொன்னார். "நாங்கள்தான் விடியவே போன் எடுத்து, கீழை தண்ணி நிறையுது, உடனை வாங்கோ எண்டு சொன்னது. அவர் ராகுகாலம் முடியத்தான் வருவன் எண்டிட்டார். முடிஞ்ச கையோடை காலமைச் சாப்பாட்டையும் விட்டிட்டு ஓடி வந்திட்டார், பாவம்."

அழுகை நின்றதும் எனக்குக் கோபம் வந்தது. "மெசேஜ் ஏன் வரேல்லை? ஓம் எண்டதை அமத்தச் சொன்னனான் எல்லோ?"

அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நான் நாள் பாக்கேக்கை ராகுகாலம் துவங்கியிட்டுது. அது வந்து, சுகமா இருக்கிறன், வேலைக்கு வெளிக்கிடுறன் எண்டு அனுப்பவோ எண்டு கேக்குது. ராகுகாலத்திலை ஆராவது அப்பிடிச் சொல்லுவினமே? விசரே உனக்கு? இல்லை எண்டதை அமத்தினன். பேந்து அனுப்புவம் எண்டு இருந்தனான், தண்ணி அவசரத்திலை மறந்துபோனன்."

"இவ்வளவு நாளும் திங்கக்கிழமையிலை அது ராகுகாலத்திலைதானே வந்தது!"

"அது தன்ரைபாட்டிலை போனது. அது போனின்ரை பாவம். என்ரை கையாலை அமத்தினால் அது என்ரை பாவம் எல்லோ?"

"அதெண்டால் சரிதானே," என்றார் அகப்பையோடு நின்ற பெண்மணி.

மேசையில் தட்டி இரண்டு கூட்டம் நடத்தி, மனிதருடைய விரல்தான் முடிவு செய்யவேண்டும் என்று வாதாடி வென்றவள் நான். முதல் நாளே ஒரு மனிதர் தன் விரலால் யோசித்து முடிவு செய்துவிட்டார். அவருடைய போனை வேனில் இருந்து எடுத்து அண்ணிக்கு அடித்து அண்ணையிடம் கொடுத்தேன். அண்ணி முதலில் அழுதார், பிறகு திட்டினார், பிறகு காரணத்தைக் கேட்டார். கேட்டதும், "ஓ, ராகுகாலமோ? அப்ப எப்பிடி அனுப்புறது!" என்று உடனே சமாதானமாகிவிட்டார். குடும்பத்தில் நான் ஒருத்திதான் விசரி என்று அன்று முடிவானது.

வேலை முடிந்ததும் அண்ணை என்னை வேனில் ஏற்றிக்கொண்டார். சந்தைப் பக்கம் சிவப்பு விளக்கில் நிற்கும்போது, "உண்மையா அவ்வளவு பயந்து போனியோ?" என்று கேட்டார்.

"பயப்பிடாமல்? பாண் அப்பிடியே கிடந்தது. ஒவ்வொரு நாளும் வாற மெசேஜ் வரேல்லை. ஒரு நாளும் தவறாதது."

அண்ணை முன்னால் நின்ற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மெசேஜை நம்பி இருக்காதை, பிள்ளை," என்றார். "போன மாதம் ஒரு நாள் நான் குசினித் தரையிலை கிடந்தனான். சீனி இறங்கிப்போச்சு. எழும்ப ஏலாது. போன் கைக்கு எட்டுற இடத்திலை கிடந்தது. எடுத்து உனக்கு அடிப்பம் எண்டு பாத்தால், கை நடுங்கி நடுங்கி விரல் கலண்டரிலை பட்டு, தாள் கிழிஞ்சு, மெசேஜ் போட்டுது, சுகமா இருக்கிறன் எண்டு. எனக்கு அந்த நேரத்திலையும் சிரிப்பு வந்தது. பேந்து ஒரு மாதிரித் தவண்டு போய்ச் சீனியை எடுத்து வாயிலை போட்டனான்."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் கோர்ன் அடித்தார்கள். அண்ணை வேனை எடுத்தார்.

அது எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. எந்த நாளாக இருந்தாலும் அன்று காலை அந்த வரியைப் படித்துவிட்டு, நிம்மதியாகப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருப்பேன். அந்த நிம்மதிகள் ஒவ்வொன்றையும் நினைக்க எனக்குக் குளிர்ந்தது. அண்ணை தரையில் கிடந்த நாளில் நல்ல செய்தி வந்தது. புட்டும் சம்பலும் சாப்பிட்டுச் சுகமாக இருந்த நாளில் நான் லண்டன் முழுக்க அழுதுகொண்டு ஓடினேன்.

"ஏன் அப்பவே சொல்லேல்லை?" என்றேன்.

"ஆர் கேட்டது? நீ கேக்கிறதை விட்டிட்டாய். போன்தானே சொல்லிக்கொண்டிருந்தது."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழை வரப்போகிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது. பிளேஸ்டோ வந்து சேரும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தேன்.

அன்றே பாரிஸ் நண்பரைக் கூப்பிட்டு, என் அண்ணையின் கலண்டரில் நான் எழுதிக் கொடுத்த அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். தாளைக் கிழித்தால் எங்கள் செயலி திறக்கட்டும், என் பெயரும் அண்ணியின் பெயரும் மேலே இருக்கட்டும், ஆனால் எழுதுகிற இடம் வெறுமையாக இருக்கட்டும். "அப்பிடியெண்டால் அதிலை என்ன பிரயோசனம்? எல்லாத்தையும் அவரே எழுதவேணுமே," என்றார் நண்பர். எழுதட்டும் என்றேன். அந்த மாற்றம் வரும்வரை நான் பழையபடி காலையில் போன் எடுத்தேன். அண்ணை பழையபடி சினந்தார், ஆனால் எடுத்தார்.

வெறும் இடம் வந்த முதல் வாரம் அண்ணை "ம்" என்று ஒரு எழுத்தை எழுதி அனுப்பினார். எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு அதுவே பெரிய கட்டுரை. பிறகு "ஓகே". பிறகு ஒரு நாள், "மழை. கால் நோகுது." அதை வைத்து அண்ணி எனக்குப் போன் எடுத்து, எந்தக் கால் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே கேளுங்கோ என்றேன். அவர் அண்ணையைக் கேட்டிருக்கிறார். இருவரும் வெகுநேரம் கதைத்தார்களாம்.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை, கோலியர்ஸ் வுட் நிலையத்துக்குள் இறங்கப் போகும்போது போன் அதிர்ந்தது. படியில் ஒதுங்கி நின்று படித்தேன். இங்கிலீஷ் எழுத்தில், பிழைகளோடு, அண்ணையின் தமிழ்.

"சீனி இறங்கிட்டுது. ஜூஸ் குடிச்சு பிஸ்கட் சாப்பிட்டன். இப்ப பறவாயில்லை. இண்டைக்கு வேலைக்குப் போகேல்லை. கொஞ்சம் பயமாக் கிடக்கு. வந்தால் வா. வராட்டியும் பறவாயில்லை."

எனக்கு இரண்டு கண்ணும் நிறைந்துவிட்டது. சுகமில்லை என்று சொல்கிற செய்தியைப் படித்து இவ்வளவு நிம்மதி வரும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அண்ணை தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் பிறந்து வளர்ந்த காலத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை.

"வாறன்," என்று எழுதி, நானே அமத்தி அனுப்பினேன்.